கனம் தெரிகிறவரை

அந்தத் துளை முதலில் சாய்ந்த சைப்ரஸ் மரத்தின் அடியில் இருந்தது. கோரின் அதை நன்றாகப் பார்த்து வைத்திருந்தாள். பாசி பாய்போலப் படர்ந்து மூடிய தண்ணீரில் துளை விழுவது அதிசயமில்லை. அடியில் நிழலில் கிடக்கும் பாஸ் மீன், மேலே ஊர்ந்துபோகும் தவளையை அடிக்கும்போது அந்தப் பாயைக் கிழித்துக்கொண்டுதான் வரும்; அடித்துவிட்டுப் போன இடத்தில் கறுப்பாக ஒரு வாய் திறந்து கிடக்கும். ஆனால் மீன் அடித்த துளைக்கு ஓரமெல்லாம் பிய்ந்து பாசி நார்நாராகத் தொங்கும். இது, பிசைந்து தட்டிய மாவில் டம்ளரைக் கவிழ்த்து வெட்டியதுபோல வட்டமாக இருந்தது.

இப்போது அது மரத்துக்கும் படகுக்கும் நடுவில் இருந்தது.

"மிஸ்டர் ராஸ்கோ, படகு நகருதா?"

"எங்க நகரும்? தள்ளுகோலைச் சேத்துல ஊனிக் கட்டியிருக்கேன்." பின்பலகையில் உட்கார்ந்திருந்த ராஸ்கோ சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் தண்ணீரில் துப்பினார். "என் படகுலயே நான் பின்னாடி உட்கார்றது இன்னைக்குத்தான். இதுல நகருதான்னு கேள்வி வேற."

துப்பிய தோல் பாசியின் மேல் விழுந்து அப்படியே கிடந்தது. காற்று இல்லை. உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கியது. அழுகிய இலையும் வெந்த சேறும், அதற்கடியில் ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டதுபோல ஒரு வாடையும் பாசிக்குள்ளிருந்து மூச்சுவிடுவதுபோல மெல்ல எழுந்து வந்துகொண்டிருந்தன. ஏரி முழுக்கக் காது கிழியக் கத்தும் சில்வண்டுகள் இந்த மடுவுக்குள் ஒன்றுகூடக் கத்தவில்லை. அல்லி இலைகளில் தவளை இல்லை. தட்டான் இல்லை.

காலையில் படகுத்துறையில் மீன்பிடிச் சங்கத் தலைவர் எல்மோர் காப்பி டப்பாவைக் குலுக்கி, போட்டிக்கு யார் படகில் யார் ஜோடி என்று சீட்டு எடுத்தபோதே எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"ராஸ்கோ, உன் தலையெழுத்தைப் பாரு. காலேஜு வந்து விழுந்திருக்கு. தூண்டில் வீசறதுக்கு முன்னாடி பாடம் எடுக்கும், கேட்டுக்க."

"உங்களுக்கும் எடுக்கறேன், மிஸ்டர் எல்மோர்," என்றாள் கோரின். "மூணு வாரமா வெறும் மீன்தொட்டியோட கரைக்கு வர்ற ஆளுக்கு எந்தப் பாடமும் தேவைதான்."

சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு யாரும் அவளிடம் பேசவில்லை. அவளுக்கு அது பழக்கம்தான். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. ஊரில் அதற்காகப் பாராட்டியவர்களைவிட அதை ஒரு நோய்போல விசாரித்தவர்கள்தான் அதிகம்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. படகுக்காரன் முன்னால் நின்று காலால் சின்ன மோட்டாரை மிதித்து ஓட்டுவான். போகும் இடம் அவன் இஷ்டம், தொடாத தண்ணீர் அவனுக்கு. பின்னால் நிற்பவனுக்கு எச்சில் தண்ணீர். ஆனால் நண்பகல் ஆனதும், பின்னால் இருப்பவர் 'என் பாதி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இடம் மாற வேண்டும், மிச்ச நாள் அவர் சொல்லும் இடத்துக்குத்தான் படகு போக வேண்டும். பெரியவர்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. மரியாதையாம். கோரின் இந்தச் சங்கத்தில் சேர்ந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அவளிடம் படகு கிடையாது. இருந்த ஒரு படகு அவள் அண்ணனுடையது. அதை ஷெரீப் ஆபீஸ் பின்புறத்தில் வெயிலில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சூரியன் உச்சிக்கு வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"என் பாதி."

ராஸ்கோ தொப்பிக்கடியிலிருந்து பார்த்தார். "சரி. எங்க?"

"பன்றி மடு."

அவர் விதை மெல்வதை நிறுத்தினார். "பாப்பா, அங்க வேண்டாம்."

"வழக்கம் வழக்கம்தானே மிஸ்டர் ராஸ்கோ. இல்ல, ஆம்பளைங்க கேட்டா மட்டுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அவள் அண்ணன் தாட் சிறுவனாக இருந்தபோது முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் எல்மோரின் முன்னால் போய் 'ஒரு பொண்ணு கேட்டுச்சு, நான் பயந்து மாட்டேன்னுட்டேன்' என்று சொல்வது அவரால் முடியாது. அது அவளுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் கேட்டாள்.

போன ஜூலையில் இதே மடுவில்தான் அவள் அண்ணன் தாடியஸின் படகு கிடைத்தது. சாய்ந்த சைப்ரஸ் மரத்தருகே, ஆளில்லாமல். தூண்டில் கோல் படகிலேயே செருகி நின்றது; அதன் நூல் நேராகப் பாசிக்குள் இறங்கி விறைப்பாக இருந்தது. வந்த காவலர்கள் அதை இழுத்துப் பார்க்கவில்லை. அறுத்துவிட்டார்கள். ஒன்றரை நாள் தேடினார்கள். மோட்டார் விசிறியில் பாசி சுற்றுகிறது என்று சலித்துக்கொண்டார்கள். பிறகு, தானாக விருப்பப்பட்டு ஊரைவிட்டுப் போயிருக்கலாம் என்று எழுதி மூடிவிட்டார்கள். வண்டி துறையில் நின்றது. பூட்ஸ் வண்டியில் இருந்தது. வெறுங்காலோடு நீந்திப் போய் எங்கோ புது வாழ்க்கை தொடங்கினானாம். படித்த தங்கை கேட்ட கேள்விகளுக்கெல்லாம், "நீங்க அமைதியா இருங்க மிஸ்" என்பதுதான் பதில்.

அம்மா இன்னும் அழவில்லை. பாதிரியார் இறந்தவர்களுக்கான ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்ல வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். "எதையாவது கொண்டு வாடி," என்றாள் கோரினிடம் ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல். "ஒரு எலும்பு. ஒரு பல்லு. மண்ணுல வச்சுட்டு அழுதுடறேன். சும்மா காத்துக்கு எப்படி அழறது?"

அதற்காகத்தான் வந்தாள். மரத்தின் வேர்களுக்கிடையே தள்ளுகோலால் குத்திக் குத்திப் பார்த்தாள். முழங்கை வலிக்கும்வரை பார்த்தாள். சேறு. சேற்றுக்கடியில் சேறு. கடைசியில் கோலை ஊன்றி ராஸ்கோ படகைக் கட்டினார். "நீ கொஞ்சம் இளைப்பாறு. நான் ரெண்டு எறி எறிஞ்சு பாக்கறேன். கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிக்கும்," என்றார்.

அப்போதுதான் அவள் அந்தத் துளையை மறுபடி பார்த்தாள். அது நகர்ந்திருந்தது.

ராஸ்கோவின் தூண்டில் நுனியில் இருந்த ரப்பர்த் தவளை பாசியின் மேல் பொத்தென்று விழுந்தது. சுண்டினார். சுண்டினார். நிறுத்தினார். அது உயிருள்ளதுபோல மூக்கை அப்படியும் இப்படியும் திருப்பி, இளைப்பாறி, மறுபடி துள்ளியது. அந்த நிறுத்தத்தில்தான் மீன் ஏமாறும். இழுத்து முடித்ததும் தவளையைக் கையில் எடுத்துப் பிதுக்கினார். உள்ளே புகுந்த தண்ணீர் பின்பக்கத் துளை வழியாகப் பீறிட்டது. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. பிதுக்கும்போது உடம்பு சப்பிப்போக, முதுகோடு ஒட்டிப் படுத்திருந்த இரண்டு கொக்கிகளும் வெளியே தெரிந்தன. பாசியில் மாட்டாமல் போவதும், மீன் கவ்வியதும் குத்துவதும் அதனால்தான்.

"மிஸ்டர் ராஸ்கோ. அந்தத் துளையைப் பாருங்க."

"பாத்தேன். நல்ல மீன்."

"அது கிட்ட வந்திருக்கு."

"பாசி மிதக்குது, பாப்பா. மிதக்கறது நகரத்தான் செய்யும்."

நகர்த்தக் காற்றே இல்லை. அவர் மறுபடி எறிந்த தவளை அப்போது அந்தத் துளையின் விளிம்பில் போய் நின்றது. துளைக்குள் தண்ணீர் கறுப்பாக, கண்ணாடிபோல அசையாமல் இருந்தது.

அடி விழுந்தது. கதவை ஓங்கிச் சாத்தியதுபோல ஒரு சத்தம். பாசி இரண்டடி உயரத்துக்குக் கிளம்பி விழுந்தது. தவளையைக் காணவில்லை.

ராஸ்கோ சுண்டவில்லை. சத்தம் கேட்டதும் சுண்டுகிறவன் கற்றுக்குட்டி. மீன் வாயிலிருந்து தூண்டில் வெறுமனே பறந்து வந்துவிடும். கனம் கோலுக்கு வருகிறவரை கை சும்மா இருக்க வேண்டும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூல் மெல்ல, மிக மெல்ல விறைத்தது. அப்புறம்தான் இரண்டு கையாலும் முதுகு வளைய இழுத்தார்.

"இருக்கு. அம்மாடி, என்னா கனம்."

பிறகு எதுவும் நடக்கவில்லை. மீன் துள்ளவில்லை, இழுக்கவில்லை. நூல் நேராகக் கீழே இறங்கி நின்றது.

"பாசிக்குள்ள தலையை விட்டுக்கிச்சு. தள்ளுகோலை அவுத்து விடு. மேலேயே போவோம்."

"அறுத்துடுங்க."

"என்னது?"

"நூலை அறுத்துடுங்க மிஸ்டர் ராஸ்கோ. மீனுன்னா துடிக்கும். இது துடிக்கல."

அவர் சிரித்தார். "உங்க காலேஜுல மீன் எப்படி துடிக்கணும்னும் சொல்லிக் குடுத்தாங்களா?"

தள்ளுகோலின் கட்டைத் தானே அவிழ்த்து, நூலைச் சுருட்டிக்கொண்டே படகை அதன் மேல் கொண்டுபோனார். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பெரிய மீன் பாசியில் சிக்கிக்கொண்டால் இழுத்து நூலை அறுப்பதில்லை. படகை மேலேயே கொண்டுபோய் நிறுத்தி, குப்புறப் படுத்து, தோள்வரை கையைப் பாசிக்குள் விட்டு, தடவித் தடவித் தாடையைப் பிடித்துத் தூக்குவார்கள். எல்லாரும் செய்வது. அவள் அண்ணனும் செய்தது. படகில் செருகிய கோல், கீழே இறங்கிய நூல்.  இப்படித்தான். தாட் இப்படித்தான் போயிருக்கிறான்.

"கையை விடாதீங்க."

அவர் அதற்குள் விட்டிருந்தார். கன்னம் படகின் விளிம்பில் அழுந்த, முகத்தைச் சுளித்துக்கொண்டு துழாவினார்.

"வழவழன்னு இருக்கு... இது தாடை இல்ல... இரு."

"மிஸ்டர் ராஸ்கோ."

"துணி மாதிரி—"

அவர் முகம் மாறியது. வலியில்லை அது. வெட்கப்பட்ட முகம், தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் முகம். அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கோரின் பாய்ந்து அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள். பிடி இருந்தது. அப்புறம் பட்டை மட்டும் இருந்தது.

சத்தமே வரவில்லை. பாசி மூடிக்கொண்டது. அவர் கடித்த விதைகளின் தோல்கள் அதன் மேல் மெல்ல ஆடின.

கோரின் கத்தினாள். தொண்டை எரியக் கத்தினாள். மடு நீளமானது, நேரானது. அதன் வாய் கண் கூசும் வெள்ளைக் கோடாகத் தூரத்தில் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. சின்ன மோட்டாரை மிதித்தாள். இரண்டு சுற்று சுற்றிப் பாசியில் இறுகி முனகியது. பெரிய மோட்டாரும் அப்படியே. தள்ளுகோலைத் தேடினாள். அவிழ்த்த கோல் படகை விட்டு விலகி, சேற்றில் நேராக நின்றுகொண்டிருந்தது. கை எட்டாத தூரம். கொஞ்சம்தான் எட்டாது.

அவள் படகின் நடுவில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். விளிம்பருகே எதையும் வைக்கவில்லை.

பாசி கொஞ்ச நேரம் பாசியாகவே இருந்தது.

பிறகு, சாய்ந்த மரத்தின் அந்தப் பக்கத்தில் அது மெல்ல மேடிட்டது. யாரோ போர்வைக்கடியில் முழங்காலை மடக்கியதுபோல. பாசி வழிந்து இறங்கியது. ஒரு தலை. தோள். நீலச் சட்டை. காதுக்குக் கீழே அம்மாவின் பெயரைப் பச்சை குத்திய கழுத்து. பதினேழு வயதில் அதைக் குத்திக்கொண்டு வந்து அம்மாவிடம் துடைப்பத்தால் அடி வாங்கினான்.

தாட்.

இடுப்புவரை பாசிக்கு மேலே நின்றான். கண் திறந்திருந்தது. தோல் ஈரமாகப் பளபளத்தது. ஒரு வருடம் தண்ணீரில் கிடந்தவன் அப்படி இருக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ எழுந்து நின்றது.

அவன் தலை இடப்பக்கம் திரும்பியது. நின்றது. வலப்பக்கம் திரும்பியது. நின்றது. ஒரு முழம் முன்னால் வந்தான். இளைப்பாறினான்.

சுண்டு. சுண்டு. நிறுத்து.

கோரினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அசிங்கமான, உலர்ந்த சிரிப்பு. பிறகு கோபம் வந்தது. இந்த ஒரு வருடத்தில் வந்த கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. நூலை அறுத்தவர்கள் மேல் வந்தது, 'அமைதியா இருங்க மிஸ்' என்றவர்கள் மேல் வந்தது, அடியில் கிடந்து அவள் அண்ணனை ஆட்டிக்கொண்டிருப்பது எதுவோ அதன் மேல் வந்தது.

"தெரியுது," என்றாள் பாசியைப் பார்த்து. "தூண்டில்னு தெரியுது. நானும் தூண்டில் போடறவதான். ரொம்ப அலட்டாத."

அவன் இன்னொரு முழம் வந்தான். வாய் லேசாகத் திறந்து மூடியது.

தூண்டில் என்று தெரிந்தால் மட்டும் போதுமா? அது அவள் அண்ணன். அம்மா கேட்ட ஒரு பல், ஒரு எலும்பு அங்கே நிற்கிறது. கையை நீட்டி அழைத்தால் அருகில் வரும். அதுதான் அதற்கு வேண்டும். அவள் கையை நீட்டப் போவதில்லை. மீன் எதுவும் இதுவரை திருப்பித் தூண்டில் எறிந்ததில்லை. அது ஒன்றுதான் இந்த மடுவுக்குத் தெரியாதது.

தன் கோலை எடுத்தாள். பின்னல் நூல், பெரிய ஆளையே தூக்கும். ரீலை அசையாதபடி இறுக்கினாள். ரப்பர்த் தவளையைப் பிதுக்கி, கொக்கி இரண்டையும் விரலால் வெளியே வளைத்தாள். நின்றாள். எறிந்தாள்.

தவளை அவன் தோளுக்கு அப்பால் விழுந்தது. மெல்ல இழுத்தாள். நூல் அவன் கழுத்தில் படிந்தது. தவளை முதுகில் ஏறியது.

காத்திருந்தாள். கனம் வருகிறவரை.

வந்தது.

இரண்டு கையாலும் இழுத்தாள். கொக்கி ஏறியது. அவன் தலை பின்னால் சாய்ந்தது. அடியில் எதுவோ திகைத்ததுபோலப் பாசி முழுவதும் ஒருமுறை நடுங்கி நின்றது.

"என் அண்ணன்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "குடு."

இழுபறி நடக்கும் என்று நினைத்தாள். நடக்கவில்லை. தாட் பாசியின் மேல் வழுக்கிக்கொண்டே வந்தான். காகிதப் படகுபோல. அவ்வளவு லேசாக. அது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவன் முகம் அருகில் வந்துகொண்டிருந்தது. புருவத்தில் அவள் சிறுவயதில் கல்லெறிந்த தழும்பு தெரிந்தது. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. படகின் விளிம்பில் வந்து இடித்து நின்றான்.

தண்ணீரைத் தொடவில்லை. தண்ணீருக்கு மேலே இருந்த சட்டைக் காலரைப் பிடித்தாள். நைந்த துணி கிழிந்தது. அவன் சரிந்தான். அவள் தோளைப் பிடித்தாள்.

தோள் சப்பிப்போனது.

உள்ளே ஒன்றும் இல்லை. எலும்பு இல்லை. அவள் விரல்கள் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று தொட்டன. தாட்டின் வாயிலிருந்தும் கண்ணோரத்திலிருந்தும் தண்ணீர் பீறிட்டது. வெதுவெதுப்பான தண்ணீர். முகம் உள்வாங்கிச் சுருங்கி, மறுபடி உப்பியது. அவன் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தவை மெல்ல நிமிர்ந்தன. இரண்டு. நகத்தின் நிறம். வழவழப்பான, உள்நோக்கி வளைந்த இரண்டு. ஒன்று அவள் உள்ளங்கை வழியாக வெளியே வந்தது. ஒன்று மணிக்கட்டுக்கு மேலே.

வலி கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் பிடுங்கப் போனாள்.

நின்றாள்.

இழுக்கவில்லை. எதுவும் அவளை இழுக்கவில்லை. தாட்டின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில், தசை நிறத்தில் கயிறுபோன்ற ஒன்று பாசிக்குள் தொங்கலாக இறங்கிப் போயிருந்தது. தளர்வாக. அதன் மறுமுனையில் ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. சத்தத்துக்குச் சுண்டாது. அதுவும் தேர்ந்த கைதான். கனம் தெரிகிறவரை காத்திருக்கும்.

அவள் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். அந்தக் கயிறு விறைக்காதபடி, படகு ஆடும்போது கூடவே ஆடினாள். இடது கையால், படகில் கிடந்த ராஸ்கோவின் கத்தியை எட்டி எடுத்தாள். கயிறுவரை குனிய முடியவில்லை. குனிந்தால் கயிற்றுக்குக் கனம் போகும். அண்ணனை அறுத்துவிட்டுக் கையை உருவிக்கொள்ளலாம். தோல்தானே. வெறும் தோல்.

கழுத்தில் அம்மாவின் பெயர் பச்சையாக இருந்தது. அது அவன் தோல். வேறு எதுவும் மிச்சம் இல்லை, இதுதான் மிச்சம். இதை மண்ணில் வைக்கலாம். இதற்கு அழலாம்.

"உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்," என்றாள் மெதுவாக. "வெயில் சாயட்டும். வழி பண்றேன்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. ரத்தம் முழங்கைவரை வந்து காய்ந்தது. அப்போதுதான் ரேடியோ கேட்டது.

மடுவின் வாயில் ஒரு படகு வந்து நின்றது. எல்மோர். மீனை எடைபோடும் நேரத்துக்கு இவர்கள் வரவில்லை என்று தேடி வந்திருக்கிறார். பின்னால் அவர் ஜோடியும் நின்றான். வெயிலுக்குக் கையைக் கண்மேல் வைத்து உள்ளே பார்த்தார்.

"ராஸ்கோ," என்று கூப்பிட்டார் எல்மோர். "என்னய்யா, காலேஜு உன்னைத் தின்னுடுச்சா?"

அவர் படகுக்குக் கொஞ்சம் முன்னால் பாசி மேடிட்டது.

தொப்பி. நரைத்த தலை. காக்கிச் சட்டை. இடுப்புவரை எழுந்து நின்று, ராஸ்கோ ஒரு கையைத் தூக்கினார். நிறுத்தினார். மறுபடி தூக்கினார்.

"அட, தண்ணிக்குள்ள என்ன பண்ற? விழுந்துட்டியா? இரு, இரு, கையைக் குடு."

எல்மோர் ரேடியோவை அணைத்துவிட்டுக் குப்புறப் படுத்தார். அவர் ஜோடி, பிடித்துக்கொள்ள அவர் கால்களின் மேல் உட்கார்ந்தான். இருவருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தூரத்துக்குக் கேட்க வேண்டுமென்றால் எழுந்து நின்று, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக் கத்த வேண்டும். உட்கார்ந்து முனகினால் கேட்காது. நின்றால் கை உயரும். கை உயர்ந்தால் கயிறு விறைக்கும்.

கோரின் கையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவனை இடுப்போடு சேர்த்து அணைத்து, கிழிந்த சட்டையைத் தன் பட்டையில் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"இழுக்கறியா," என்றாள் கீழே பார்த்து. "இழு."

எழுந்து நின்றாள். கத்தினாள். "தொடாதீங்க. அது அவர் இல்ல. தொடாதீங்க."

எல்மோர் தலையைத் தூக்கி அவள் பக்கம் பார்த்தார். ஒரு பெண் வெயிலில் எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துகிறாள். அவர் கை ஏற்கெனவே ராஸ்கோவின் கையைப் பிடித்திருந்தது. அந்தக் கை அவர் பிடிக்குள் மெல்லச் சப்பிப்போவதைப் பார்க்க அவர் இன்னும் திரும்பவில்லை.

அவர்களுக்கு நடுவில் இருந்த பாசியில், மடுவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வட்ட வட்டமாகத் துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின. எல்லாவற்றிலும் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் நின்றது. கோரினின் காலடியில் தளர்ந்து கிடந்த கயிறு மெல்ல, மிக மெல்ல நிமிர்ந்தது.